சுக்கானைப் பிடித்த பையன்

ஒரு வாரமாக ராத்திரி தூங்கப் போகுமுன் ‘பாய்ஸ் லைஃப்’ பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாத இதழ். மறுவருஷமே அந்த நாட்டுச் சாரணர் இயக்கம் அதை வாங்கிக்கொண்டது. கூகுள் புக்ஸில் வரிசையாகக் கிடைக்கிறது. உள்ளே ஒரு கதைகூட இன்னும் படித்தபாடில்லை. அட்டையைத் தாண்டினால்தானே!

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 1913 செப்டம்பர் இதழில். கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி ஒரு சாரணப் பையன். வரைந்தவர் நார்மன் ராக்வெல், பின்னாளில் பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர். அப்போது அவருக்கே வயது 19. மாதம் 50 டாலர் சம்பளத்துக்கு ஒரு அட்டையும் ஒரு கதைக்கான படங்களும் வரைந்து தர வேண்டும். பத்திரிகை அட்டையில் வந்த அவருடைய முதல் படம் இதுதான். கை இன்னும் பழகவில்லை என்று பார்த்தாலே தெரிகிறது. இருக்கட்டும். கப்பலை ஓட்டுவது பையன். பக்கத்தில் கேப்டன் இல்லை, அப்பா இல்லை. கரை சேர்ந்தானா என்று படம் சொல்வதும் இல்லை.

1916 மே மாதம், பெரியவர்கள் படிக்கும் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’டுக்கு அவர் வரைந்த முதல் அட்டையிலும் பையன்தான். கோட்டும் தொப்பியுமாக, கோட்டுப் பையில் பால் புட்டியோடு, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். பேஸ்பால் உடையில் இரண்டு பேர் அவனைக் கேலி செய்கிறார்கள். மூன்றே வருஷத்தில் கை எங்கேயோ போய்விட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அக்கா மகனுக்குப் பத்து வயது. இரண்டையும் காட்டினேன். வண்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, “பாவம்” என்றான். சிரிக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. அந்த அவமானம் எனக்குப் பழங்கதை. அவனுக்கு அது நாளைக்கே நடக்கலாம்.

பெரியவர்களை ஒதுக்கிவிட்டுப் பையன்களையே முன்னால் நிறுத்தும் இந்தச் சூட்சுமம் ராக்வெல் கண்டுபிடித்ததும் இல்லை. லண்டனில் 1879 ஜனவரியில் ‘பாய்ஸ் ஓன் பேப்பர்’ வந்தபோது, அதை நடத்தியது மதப் பிரசுரங்கள் போடும் சங்கம். உபதேசத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் முதல் இதழின் முதல் பக்கத்தில் போட்டது பள்ளிக்கூடப் பையன்களின் ரக்பி கால்பந்து ஆட்டம். விவரமான ஆட்கள்!

சரி, மருமகனுக்கு வருகிறேன். சுக்கான் படம் வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“மாமா, இவன் தனியாவா ஓட்டுறான்?”

“அப்படித்தான் தெரியுது.”

நம்பவில்லை. படத்தைப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாக நகர்த்தி, வேறு யாராவது நிற்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தான்.