வழியில் வந்த நாய்க்கு மூன்று சொந்தக்காரர்கள்

நாய் எப்படிக் கிடைத்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தலைவலி அதில் இல்லை. மழைக்கு ஒதுங்கி எங்கள் கேட்டோரம் படுத்திருந்தது. பெட்டை. கழுத்தில் பட்டை இல்லை, ஆனால் பல நாள் பட்டை கிடந்த தடம் ரோமத்தில் தெரிந்தது. "உட்கார்" என்றால் உட்கார்ந்தது. யாரோ வளர்த்த நாய் என்பதில் சந்தேகமே இல்லை. தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று தெரியாததால் எங்கள் வீட்டு நாயோடு சேர்க்காமல் தனி அறையில் வைத்தோம். அன்று இரவே பிள்ளைகள் பெயர் தேட ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாம் என்றேன். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அனுப்ப மனசு வராது.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க உதவும் அடையாள எண் கொண்ட சிப் தோலடியில் இருக்கிறதா என்று பார்க்கக் கொண்டுபோனேன். முதலில் போன மருத்துவமனையில் ஸ்கேனரைத் தோளின் நடுவில் ஒருமுறை வைத்து எடுத்தார்கள். "சிப் இல்லைங்க, நல்ல நாயா இருக்கு, நீங்களே வளர்த்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கொண்டாட்டம். எனக்கு என்னவோ உறுத்தியது. ஒரு வினாடி வைத்து எடுத்தால் அது சோதனையா? வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் முதுகில் தொடங்கி இரண்டு தோள், விலா, முன்னங்கால் வரை மெதுவாக ஓட்டினார். முழங்கைக்குச் சற்று மேலே 'பீப்' என்றது.

அவர் விளக்கியது இது. அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலடியில் போடுவார்கள். காலப்போக்கில் அது கீழே நகரக்கூடும். அதில் பேட்டரி கிடையாது, ஸ்கேனர் பக்கத்தில் வந்தால்தான் எண்ணைச் சொல்லும். இப்போதைய பன்னாட்டுத் தரத்தில் அந்த எண் 15 இலக்கம், அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். பழைய சிப்புகள் சில 125, 128 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். எல்லா ஸ்கேனரும் அவற்றைப் படிக்காது. ஆகவே ஒரே இடத்தில் "சிப் இல்லை" என்றால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இன்னொன்று, சிப் நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. "சிப் இருக்கே, ஏன் இவ்வளவு நாள் தேடி வரலை?" என்று என்னிடம் கேட்டவர்கள் பல பேர்.

சரி, எண் கிடைத்துவிட்டது, இனி ஒரு போன் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். சிப் எண்ணோடு உரிமையாளர் விவரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பதிவு நிறுவனத்தில் அப்படி ஓர் எண்ணே இல்லை என்றார்கள். வேறு நிறுவனமாக இருக்கலாம் என்றார்கள். அதுவும் நடப்பதுதான். சிப் எண்களைப் பதிவு செய்யப் பல நிறுவனங்கள் இருக்கின்றன. முதல் மூன்று இலக்கம் நாட்டுக் குறியீடாகவோ தயாரித்த நிறுவனத்தின் குறியீடாகவோ இருக்கும், அதை வைத்துத்தான் எங்கே தேடுவது என்று ஊகிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்டு அலுத்துப்போன பிறகு மருத்துவமனைக்கே திரும்பிப் போய் மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னேன். முன்பு வரவேற்பில் இருந்தவர் துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்த எண்ணில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 7 இருந்தது! ஒரு கோடு, அவ்வளவுதான். இந்த வேலைக்கு இறங்குபவர்கள் யாரும் கையால் எழுதித் தருவதை வாங்காதீர்கள். ஸ்கேனர் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரியான எண்ணில் பதிவு இருந்தது. பெயரையோ முகவரியையோ எனக்குச் சொல்ல மாட்டார்கள், அது நியாயம்தான். பதிவில் இருந்த தொலைபேசி உபயோகத்தில் இல்லை, மின்னஞ்சல் அனுப்புகிறோம் என்றார்கள். நான் காத்திருந்தேன்.

அதற்குள் உள்ளூர் அலுவலகத்தில் 'நாய் கண்டெடுத்தேன்' என்று எழுதிக் கொடுக்கப் போனேன். என்னை அதிகம் கொதிக்க வைத்தது இந்த இடம்தான். அங்கிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இது எங்க வேலை இல்லை, காப்பகத்துக்குப் போங்க" என்றார். காப்பகத்தில், "இடம் இல்லை, வீட்டில் வைத்திருங்கள், ஆனால் தகவல் அந்த அலுவலகத்தில்தான் பதிவாக வேண்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனால் அதே ஆள், அதே பதில். கடைசியில், "சரிங்க, நான் தகவல் கொடுக்க வந்தேன், நீங்கள் வாங்க மறுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்றேன். உடனே ஒரு பதிவேடு எங்கிருந்தோ வந்தது. எண் போட்ட ஒப்புகைச் சீட்டும் கிடைத்தது. பின்னால் "நாயைத் திருடி வைத்திருக்கிறீர்கள்" என்று ஒருவர் போனில் மிரட்டியபோது அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் இருந்தது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

மிரட்டியவர் அழைத்தது நான் போட்டிருந்த 'நாய் கிடைத்தது' அறிவிப்பைப் பார்த்து. அறிவிப்பில் முகம் மட்டும் தெரியும் ஒரு படம், நிறம், கிடைத்த இடம், அவ்வளவே போட்டிருந்தேன். பின்னங்கால் ஒன்றில் இருந்த கூடுதல் விரல், ஈறில் இருந்த கருப்புத் திட்டு, வயிற்றில் கருத்தடைத் தழும்பு ஆகிய மூன்றையும் வேண்டுமென்றே மறைத்தேன். சிப் எண்ணையும் போடவில்லை.

அன்றே ஒருவர் அழைத்தார். "அது என் நாய்தாங்க, எட்டு மாசக் குட்டி." மருத்துவர் பல் தேய்மானத்தைப் பார்த்து நான்கைந்து வயது இருக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஏழு மாதம் போல எல்லா நிரந்தரப் பற்களும் முளைத்துவிடும், அப்புறம் தேய்மானத்தை வைத்து வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். ஓராண்டு முன்பின் ஆகலாம், ஆனால் எட்டு மாதமும் ஐந்து வயதும் குழம்பாது. படம் அனுப்புங்கள் என்றேன். வந்தது நான் அறிவிப்பில் போட்ட அதே படம், ஓரம் வெட்டப்பட்டு! பின்னால் தெரிவது என் வீட்டுத் தரை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். "குட்டி போட வைக்க ஆள் பேசி வச்சிருக்கேன்" என்றார். கருத்தடை செய்த நாயை வைத்து! தழும்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கேள்விக்குப் பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. அடையாளம் சொல்லுங்கள் என்று மறுபடி மறுபடி கேட்டதும்தான் திருட்டு, போலீஸ் என்று கத்தினார். ஒப்புகை எண்ணைப் படித்தேன். லைன் துண்டானது.

அடுத்து ஓர் இளைஞர் வந்தார். "அக்கா, பின்னங்காலில் ஒரு விரல் அதிகமா இருக்குமே?" என்று அவரே தொடங்கினார். கையில் தடுப்பூசிப் புத்தகம். அதில் ஒட்டியிருந்த சிப் ஸ்டிக்கரில் என் போனில் இருந்த அதே 15 இலக்கம். இரண்டு வருட ரேபிஸ் ஊசி, தேதி, மருத்துவர் முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் வேலை நடக்கும்போது திறந்து கிடந்த கதவு வழியாக ஓடிவிட்டதாம். கொடுத்துவிடலாம் என்று எழுந்தேவிட்டேன். அப்போது பார்த்துப் பதிவு நிறுவனத்திலிருந்து அழைப்பு. பதிவில் உள்ள உரிமையாளர் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுவிட்டார், நாய் தனக்கு வேண்டும் என்கிறார், பெயர் வேறு.

விஷயம் இதுதான். இருவரும் நண்பர்கள். பதிவில் உள்ளவர் வயதில் பெரியவர், அவர் வாங்கிப் பதிவு செய்த நாய். வேறு ஊருக்கு மாறியபோது இளைஞரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கச் சொன்னேன்" என்கிறார் அவர். "எனக்கே கொடுத்துட்டார்" என்கிறார் இவர். நடுவில் பேச்சுவார்த்தையும் நின்றுவிட்டது. ஒருவரிடம் நாயை வாங்கியதற்கான ரசீதும் பதிவும், இன்னொருவரிடம் இரண்டு வருட மருத்துவக் கணக்கு. இரண்டுமே உண்மை.

நாயையே கேட்டுவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. இருவரும் இரண்டு பக்கம் நின்று கூப்பிடட்டும், யாரிடம் போகிறதோ அவருக்கு. அது இருவரிடமும் வாலாட்டியது. தண்ணீர் கேன் போட வந்தவரிடமும்தான் வாலாட்டியது.

இதற்கு நடுவே பெரியவர் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டார். "அவனுக்கு மட்டும் கொடுத்துடாதீங்கம்மா. நீங்களே வச்சுக்கோங்க, எனக்குச் சம்மதம்" என்றார். உள்ளுக்குள் எனக்கும் ஆசை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்குள் அது எங்கள் நாயோடு பழகி, ஒரே பாயில் தூங்க ஆரம்பித்திருந்தது. வீட்டில் எல்லோரும், "உரிமையாளரே சொல்லிட்டார், அப்புறம் என்ன?" என்றார்கள். வழக்கறிஞரான ஒரு தோழியிடம் கேட்டேன். "இப்போ சண்டை அவங்க ரெண்டு பேருக்கும் நடுவில். நீ வாங்கிக்கிட்டா, அந்தப் பையன் உன் மேல வருவான்" என்றாள். அதோடு, பெரும்பாலான நாடுகளில் சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு உடைமைதான், கண்டெடுத்தவர் வைத்திருப்பதாலேயே அது அவருடையதாகிவிடாது என்றும் விளக்கினாள். ஜெர்மனியில் முறைப்படி தகவல் கொடுத்து 6 மாதம் யாரும் வராவிட்டால்தான் கண்டெடுத்தவருக்கு உரிமை. இங்கிலாந்தில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியவர் குறைந்தது 28 நாள் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் பழைய உரிமையாளர் வந்து கேட்க இடம் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். என் நிலைமையில் 'யாரும் வராவிட்டால்' என்ற பேச்சுக்கே இடமில்லை, இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள்.

பெரியவரிடம் ஒன்றே கேட்டேன். "சார், எனக்குத் தருவதாக எழுதிக் கொடுத்து, சிப் பதிவையும் மாற்றித் தருவீர்களா?" "அதெல்லாம் எதுக்கும்மா, வாய்ச்சொல் போதாதா?" என்றார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் எனக்கு நாயைத் தரவில்லை, அந்தப் பையனுக்குக் கிடைக்காமல் இருக்க என் வீட்டில் நிறுத்திவைக்கப் பார்த்தார். நாளைக்கு இருவரும் சமாதானமானால் என் வாசலில் வந்து நிற்பார்.

இருவருக்கும் ஒரே செய்தியை எழுத்தில் அனுப்பினேன். நாய் நலமாக இருக்கிறது, நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட தாள் வரும்வரை யாரிடமும் தரமாட்டேன், நானும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அந்தக் கடைசி வரியை எழுதத்தான் நேரம் எடுத்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் இருவரும் என்னிடம் முறையாகப் பேசினார்கள். எனக்கும் அதில் ஒரு கண் இருக்கிறது என்று இருவருமே சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

முடிச்சை அவிழ்த்தது ஒரு பழைய குறுஞ்செய்தி. இளைஞர் போன் மாற்றியபோது எடுத்து வைத்திருந்த சேமிப்பிலிருந்து தோண்டி எடுத்தார். பெரியவர் அனுப்பியது, தேதியோடு: "இனி என்னால முடியாது, நீயே வச்சுக்கோ." எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பெரியவரிடம் காட்டினோம். படித்துவிட்டு, "கோபத்துல எழுதினது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஊசி எல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கான்" என்றும் அவரே சொன்னார். கையெழுத்துப் போட்டார்.

தாளோடு அனுப்பிவிடாமல், சிப் பதிவை அங்கேயே உட்கார்ந்து மாற்றச் சொன்னேன். பதிவில் இருப்பவர் ஒப்புதல் கொடுத்தால்தான் மாற்ற முடியும், அவர் எழுந்து போய்விட்டால் பிடிப்பது கஷ்டம். உறுதி மின்னஞ்சல் இளைஞரின் போனுக்கு வந்த பிறகே கயிற்றைக் கையில் கொடுத்தேன். மூவரும் நாயோடு நிற்கும் ஒரு படமும், ஒப்படைத்ததாக ஒரு வரியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். மருத்துவ ரசீதுகளை நாய் கைமாறிய பிறகு இளைஞரிடம் கொடுத்தேன், மறுக்காமல் கொடுத்துவிட்டார். சாப்பாட்டுக் கணக்கு நான் பார்க்கவில்லை. பணம் வந்தால்தான் நாய் என்று மட்டும் எங்கேயும் பேசிவிடாதீர்கள், பிணை வைத்துப் பணம் பறித்தீர்கள் என்று திருப்பிவிடுவார்கள். முடிந்ததும் அறிவிப்புகளை எல்லாம் கிழித்துவிடுங்கள், காப்பகத்திலும் அந்த அலுவலகத்திலும் 'ஒப்படைக்கப்பட்டது' என்று எழுத வையுங்கள். நான் எழுத வைக்கப் போனபோது அதே ஆள்தான் இருந்தார். பதிவேடு இந்த முறை மேஜை மேலேயே இருந்தது.