'குழப்படி' என்று எழுதினால் கோவை தேறாது: என்.வி.கியூ. மட்டம் 4 எடுத்த விதம்

ஏழெட்டு வருடம் முன்பள்ளியில் படிப்பித்தும் கையில் ஒரு சான்றிதழும் இல்லாத ரீச்சர்மார் யாழ்ப்பாணத்தில் கனபேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள். திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் ஒன்று. அதற்குக் கொக்குவில் நிலையத்துக்குப் போய்வர வேண்டும், ஒப்படைகள் உண்டு, பரீட்சையும் உண்டு. மற்றது, ஏற்கெனவே செய்துவரும் வேலையைக் காட்டி ஆர்.பி.எல். (முன் அனுபவத்தை மதிப்பிட்டு அங்கீகரிக்கும்) முறையில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4 எடுப்பது. மொத்தம் 7 மட்டங்களில் நாலாவது என்றால், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்காமலே வேலையைச் செய்யக்கூடியவர் என்று பொருள். நாங்கள் போனது இந்த இரண்டாவது வழியால்.

முதல் இடறல் பாடத்தில் வராது, பெயரில்தான் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, ஓ.எல். பெறுபேற்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும். விண்ணப்பம் கொடுக்க முதல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். அடுத்தது சேவைக் கடிதம். முன்பள்ளியை நடத்துவது சனசமூக நிலையமாகவோ மாதர் சங்கமாகவோ இருந்தால் நிர்வாகம் அடிக்கடி மாறும். உங்களுக்கு நியமனம் தந்த செயலாளர் இப்போது கனடாவில் இருப்பார். ஆகவே பழைய வரவு இடாப்புகளைத் தேடி எடுங்கள். இப்போதைய தலைவரும் செயலாளரும் அவற்றைப் பார்த்து, எந்தத் திகதி தொடக்கம் வேலை என்று எழுதி, கையொப்பமும் முத்திரையும் வைத்துத் தந்தால் போதும்.

கோவைக்குள், அதாவது மதிப்பீட்டாளருக்குக் காட்டும் ஆதார ஃபைலுக்குள், போகிறவை தவணைத் திட்டம், நாளாந்தத் திட்டம், பிள்ளைகளின் ஆக்கங்கள், படங்கள், அவதானிப்புக் கொப்பி. படம் வைக்கும்போது பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். முகம் தெரியாமல் கையும் வேலையும் மட்டும் விழும்படி எடுத்தால் இன்னும் நல்லது. இவையெல்லாம் ஒரு கிழமை வேலை. உண்மையில் மாட்டுப்படுவது அவதானிப்புக் கொப்பியில்.

எங்கள் பழைய கொப்பிகளைத் திறந்தால் இப்படித்தான் இருந்தது: "க. இன்று சரியான குழப்படி. மற்றப் பிள்ளைக்கு அடித்தார். பகிர்ந்து விளையாடத் தெரியாது." இதில் அவதானிப்பு ஒன்றுமே இல்லை, மூன்றும் தீர்ப்பு. 'அடித்தார்' என்பதுகூட எதற்கு, எப்படி என்று இல்லாமல் வெறும் குற்றச்சாட்டுத்தான். அதே சம்பவம் இப்படி வர வேண்டும்:

"காலை 9.20, மணல் மூலை. க. (4 வயது 2 மாதம்) சிவப்பு வாளியை எடுத்தார். த. அதே வாளியின் பிடியைப் பிடித்தார். க. 'எனக்கு, எனக்கு' என்று இரண்டு தரம் சொன்னார். த. விடவில்லை. க., த.வின் கையில் தட்டினார். ரீச்சர் கிட்ட வந்ததும் வாளியை விட்டுவிட்டு, சிரட்டையை எடுத்து மணல் அள்ளத் தொடங்கினார்."

விளக்கம் இதற்குக் கீழே, தனியாக: கையை நீட்ட முதல் இரண்டு தரம் வாயால் கேட்டிருக்கிறார், கிடைக்காதபோது வேறு பொருளைத் தானே தேடியிருக்கிறார். அதற்கும் கீழே அடுத்த வேலை: மணல் மூலைக்கு இன்னொரு வாளி, 'உன்ர முறை முடிய எனக்குத் தா' என்ற வசனத்தைப் பாவனை விளையாட்டில் பழக்குதல். நடந்தது, அதன் பொருள், இனிச் செய்வது என மூன்றும் பிரிந்து நின்றால்தான் மதிப்பீட்டாளர் அதை ஆதாரமாக எடுப்பார். மூன்றாவது பகுதி இல்லாத கொப்பி கன இடங்களில் உண்டு. அது பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும்.

இருபது பிள்ளையோடு தனியே நிற்கும்போது எப்படி எழுதுவது? கொப்பி ஒற்றையை நாலாக வெட்டி ஏப்ரன் பொக்கற்றில் வைத்தோம். நேரம், இடம், பிள்ளை சொன்ன சொல் மூன்றையும் மட்டும் அந்த இடத்திலேயே கிறுக்கவேண்டும். மிச்சத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் அன்றைக்கே எழுதவேண்டும், அடுத்த நாளைக்கு வைத்தால் சொல்கள் மாறிவிடும். நாளைக்கு மூன்று பிள்ளை என்றால் ஏழு பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும். அட்டையின் உட்பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒட்டி, எழுத எழுதச் சரி போடுங்கள். அப்படிப் போட்ட பிறகுதான், சத்தம் போடாத பிள்ளைகளுக்குப் பக்கமே இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. குழப்படிக்காரருக்கு எட்டுப் பக்கம், மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றுமில்லை. பேச்சுத் தாமதமோ கேட்டல் குறையோ பெரும்பாலும் அந்த மூலையில்தான் இருக்கும்.

கடைசிக் கிழமையில் குந்தியிருந்து ஆறு மாதக் கொப்பியை நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே பேனை, ஒரே எழுத்து, போயா விடுமுறை நாளிலும் ஒரு அவதானிப்பு. பார்க்கிறவருக்கு அரை நிமிடம் காணும்.

விளையாட்டுப் பொருளுக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), சிரட்டை, பூவரசம் இலை, பனையோலை எல்லாம் புள்ளி வாங்கித் தரும். சிரட்டை விளிம்பை மட்டும் சான்ட் பேப்பரால் தேயுங்கள். குன்றிமணி வேண்டவே வேண்டாம், அழகாக இருந்தாலும் கடித்து உடைத்தால் கொடிய நஞ்சு. மஞ்சாடி மூக்குக்குள் போகும். ரொயிலட் பேப்பர் சுற்றிய மட்டைக் குழாயால் உள்ளே விழுகிற எதையும் மூன்று வயதுக்குக் குறைந்தவரிடம் கொடுக்காதீர்கள். மாக்களிக்கு 2 கப் கோதுமை மா, 1 கப் உப்பு, 1 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், முக்கால் கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கார்த்திகை மழையில் உப்பு ஈரத்தை இழுத்துக் களி வேர்க்கும், ஒரு பிடி மா தூவிப் பிசைந்தால் சரி. கையில் காயம் உள்ள பிள்ளைக்கு உப்பு எரியும்.

எழுத்துக் கொப்பிகளைக் கோவைக்குள் அடுக்கிப் பயனில்லை. ஏடு தொடக்கிய அடுத்த நாளே 'எழுதக் குடுங்கோ ரீச்சர்' என்று பெற்றோர் கேட்பார்கள்தான். விரலுக்குப் பலம் தருவது களி பிசைதலும், கடதாசி கிழித்தலும், மணி கோர்த்தலும். அந்தப் படங்களை வையுங்கள்.

மதிப்பீட்டாளர் வகுப்பைப் பார்க்கும் செயன்முறை நாளில் எங்களில் ஒருவரின் சுவரில் பதினெட்டுப் பூக்கள் ஒரே அச்சாகத் தொங்கின. பிள்ளை செய்தது எது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பொருளை மேசையில் வைத்து, தெரிவைப் பிள்ளையிடம் விடுங்கள். திட்டத்தில் 'எண் எண்ணக்கருவை விளங்கிக்கொள்வர்' என்று எழுதினால் அதை எப்படிப் பார்ப்பது? '5 ஊமலை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவர்' என்றால் கண்ணால் பார்க்கலாம். கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிப் பொறுங்கள். நாங்கள் எல்லோரும் இரண்டிலேயே பதிலைச் சொல்லிவிட்டோம்.

வாய்மொழிக் கேள்விகளில் மூச்சுக்குழாய் அடைப்பைக் கேட்பார்கள்: இருமினால் இருமவிடுவது, இருமவும் அழவும் முடியாவிட்டால் முன்னால் குனியவைத்து முதுகில் 5 தட்டு, சரிவராவிட்டால் மேல்வயிற்றில் 5 அழுத்தம், மாறி மாறி. அம்புலன்சுக்கு 1990. பிள்ளை துன்புறுத்தப்படுகிறதென்ற சந்தேகத்துக்கு 1929. வாயால் மட்டும் சொன்னால் போதாது, இரண்டு இலக்கமும் உங்கள் முன்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஒரு அலகில் 'இன்னும் தேர்ச்சியில்லை' என்று வந்தால் முழுவதையும் திரும்பச் செய்யத் தேவையில்லை. தேறிய அலகுகள் பதிவில் நிற்கும், விடுபட்டதற்கு மட்டும் மறுபடி இருக்கலாம். அதற்கும் அதே கோவைதான் வேண்டும். ஒப்படைக்க முதல் ஒரு போட்டோக் கொப்பி எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.