‘நாம்’ என்று சொன்ன காலை

2024 ஜனவரி 23 அன்று காலை ஆறு மணிக்கு, அதாவது பண்ருட்டியில் பதினொன்றரை மணிக்கு, வழக்கம்போல் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். குரல் ஏன் இப்படிக் கம்மிப்போயிருக்கிறது என்று கேட்டார். “நேத்து நாம நாலு கோல்ல தோத்துட்டோம்மா” என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, “யாருப்பா நாம?” என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். என்னாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகருக்கு முந்திரிக்கொட்டையின் தரம் பார்க்கும் வேலைக்கு வந்து அப்போது மூன்றாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அதுவரை இந்த ஊர்க்காரர்களைப் பற்றி வீட்டில் பேசும்போதெல்லாம் ‘அவர்கள்’ என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

முதல் நாள் மாலை, ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக் கால்பந்துப் போட்டியில், சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன்னிலையில் ஐவரி கோஸ்ட் அணி ஈக்குவடோரியல் கினியிடம் 4-0 என்று தோற்றிருந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு நைஜீரியாவிடம் 1-0 என்ற தோல்வி. ஜூன், ஜூலையில் நடக்கவேண்டிய போட்டியை மழைக்காலத்துக்கு அஞ்சி ஜனவரிக்குத் தள்ளிவைத்து, ஐந்து நகரங்களில் ஆறு அரங்கங்களை ஆயத்தம் செய்து, 24 நாடுகளை வரவேற்ற நாடு முதல் சுற்றோடு வெளியேறும் நிலைக்கு வந்துவிட்டது.

நான் அந்த ஆட்டத்தை மார்க்கோரியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் மக்கியில் பார்த்தேன். மக்கி என்பது இங்கே திறந்தவெளியில் மேசை போட்டு, சுட்ட மீனும் கோழியும், மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்த அச்செக்கேயும் கொடுக்கிற கடை. நான்காவது கோல் விழுந்தபோது கடைக்கார அம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தார். வயதில் மூத்த பெண்களை நாம் அத்தை, சித்தி என்பதைப் போல இங்கே தாந்தி என்று அழைப்பார்கள். தாந்தி மேசை மேசையாகச் சென்று, ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்து, “யாக்கோ” என்றார். என் மேசைக்கு வந்தபோதும் கடந்து போகாமல் நின்று, என் தோளிலும் கை வைத்து அதையே சொன்னார்.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஈடு தேடி நான் களைத்திருக்கிறேன். கால் இடறினால் யாக்கோ. வேலை போனால் யாக்கோ. சாவு வீட்டிலும் யாக்கோதான். ‘உன் வலி எனக்குத் தெரிகிறது, நான் இங்கே இருக்கிறேன்’ என்பதை மூன்று எழுத்தில் அடக்கிவிடுகிறார்கள். 2022-இல் அப்பா இறந்த செய்தி வந்து, விமானம் கிடைக்காமல் நான் அறையில் உட்கார்ந்திருந்தபோது, மாடிப்படியில் வரிசையாக ஏறி வந்து ஒவ்வொருவராக அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது.

அப்பாவை நினைத்தால், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஓய்ந்த காலை வந்துவிடுகிறது. கடலூர் மாவட்டத்தில் முந்திரி வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தோப்பில் நின்றிருந்த மரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்பா விழுந்த மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டேயிருந்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், நின்றார்கள், ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் காலையில் சொல்லுவதற்கு எங்களிடம் சொல் இல்லை. முந்திரி எங்களை விட்டுப் போனதால், முந்திரி இருக்கும் இடத்துக்கு நான் வந்தேன். உலகத்தில் முந்திரிக்கொட்டை மிகுதியாக விளையும் நாடு இன்று இதுதான். இங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் மூட்டைகளில் சில பண்ருட்டி ஆலைகளுக்கும் போய்ச் சேர்கின்றன.

மீண்டும் அந்த இரவுக்கு வருகிறேன். மக்கியில் எல்லோரும் சொன்னது ‘ஓன் அ பெர்தூ’, அதாவது தோற்றுவிட்டோம் என்பது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களிடம் நான் கற்ற பிரெஞ்சில் இந்த ‘ஓன்’ ஒன்றுதான் உண்டு. நம் மொழியிலோ கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ வேறு, விலக்கிவைக்கும் ‘நாங்கள்’ வேறு. மறுநாள் காலை, யோசிக்காமல், அம்மாவையும் சேர்த்து இந்த அணிக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாட்கள் ஊரே காத்திருந்தது. மூன்றாம் இடம் பெற்ற ஆறு அணிகளில் சிறந்த நான்கு மேலே செல்லலாம் என்பதால் ஒரு நூலிழை மிச்சமிருந்தது. ஜனவரி 24 அன்று பயிற்சியாளர் கசே விலக்கப்பட்டார். உதவியாளராக இருந்த எமெர்ஸ் ஃபே பொறுப்பேற்றார். அன்றுதான் அவருக்கு நாற்பது வயது நிறைந்தது. அன்றிரவு சான் பெட்ரோவில் மொரோக்கோ, சாம்பியாவை 1-0 என்று வெல்ல, அந்த நான்காவது இடம் எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் தெருவில் எங்கிருந்து வந்தனவோ, மொரோக்கோவின் சிவப்புக் கொடிகள் அசைந்தன. மறுநாள் தைப்பூசம். வடலூரில் சோதி பார்க்கப் போயிருந்த அம்மா, “உங்க ஆட்டக்காரங்களுக்கு யானைன்னு பேராமே, வழியில பிள்ளையார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன்” என்றார். யானைகள் என்பதுதான் இந்த அணியின் பட்டப்பெயர். அவர் அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடப்புச் சாம்பியனான செனகலை யாமுசுக்ரோவில் பெனால்டி உதைகளில் வென்றார்கள். அந்த இரவைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். ஆனால் எனக்குள் தங்கிவிட்டது மாலியுடனான காலிறுதிதான். கொள்முதல் பருவத்துக்கு முன் கிடங்குகளைப் பார்க்க நான் புவாக்கே சென்றிருந்தேன். பிப்ரவரி 3 அன்று ஆட்டமும் அங்கேதான் நடந்தது.

கிடங்கின் வயது முதிர்ந்த காவலர் ஆட்டத்துக்கு முன் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி இந்த அரங்கத்தின் கதையைச் சொன்னார். 2002-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் நாடு வடக்கு தெற்காகப் பிளந்தபோது, புவாக்கே கிளர்ச்சியாளர்களின் தலைமையிடமாக இருந்தது. 2005 அக்டோபரில் சூடானில் வென்று முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும், அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் டிடியே ட்ரோக்பா உடைமாற்றும் அறையில் தோழர்களோடு மண்டியிட்டு, ஆயுதங்களைக் கீழே வையுங்கள் என்று தொலைக்காட்சி வழியாகத் தம் மக்களிடம் மன்றாடினார். 2007 ஜூன் 3 அன்று மடகாஸ்கருடனான ஆட்டத்தை அபிஜானில் அல்லாமல் இதே புவாக்கேயில் ஆடினார்கள். 5-0 என்று வென்றார்கள். “அன்று தெற்கிலிருந்து வந்தவன் ஒருவன் என் பக்கத்தில் நின்று கத்தினான், அவன் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்” என்று சொல்லிவிட்டுக் காவலர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். ஒரு கால்பந்து ஆட்டம் போரை நிறுத்திவிட்டது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கை உண்மை.

அன்றைய ஆட்டத்தில் முதல் பாதி முடியும் முன்பே நம் ஆள் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மாலி கோல் அடித்தது. தொண்ணூறாவது நிமிடத்தில் சிமோன் அடிங்ரா சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் ஊமர் டியாகித்தே குதிகாலால் தட்டிய பந்து உள்ளே போனது. மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றியதற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி அவரும் வெளியேறினார். காவலர் என் கையைப் பிடித்திருந்தார்.

அரையிறுதியில் காங்கோ ஜனநாயகக் குடியரசை வென்ற கோலும், பிப்ரவரி 11 இறுதியாட்டத்தில் நைஜீரியாவுக்கு எதிரான வெற்றிக் கோலும் செபாஸ்தியன் ஹேலர் அடித்தவை. 2022 ஜூலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் கடந்து மீண்டவர் அவர். 81-ஆவது நிமிடத்தில் அடிங்ரா அனுப்பிய பந்தைக் காலை நீட்டித் தொட்டார். 2-1. மக்கியில் தாந்தி என் கன்னங்களை இரு கைகளாலும் பிடித்து ஆட்டினார். இந்த ஊர் இனி என் ஊர்தான் என்று எனக்குள் உறுதியாகச் சொல்லிக்கொண்டேன்.

நள்ளிரவில், சத்தம் சற்றுக் குறைந்த மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தேன். அங்கே விடியற்காலை ஐந்தரை.

“ஜெயிச்சாச்சும்மா.”

“அப்படியா, உங்க ஊரு ஜெயிச்சிடுச்சா?” என்று அம்மா மனம் நிறைந்து கேட்டார்.

உங்க ஊர். நான் பிறந்த நாள் முதல் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே ஊர்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தும் சொல் வரவில்லை. அவர் தொலைபேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்க வேண்டும். தெருவில் ஊதல்கள் அலறிக்கொண்டிருந்தன. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறுகாதில், வாசலில் நீர் தெளிக்கும் சத்தத்தையும் அதைத் தொடர்ந்து துடைப்பம் மண்ணில் உரசும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.