கடல் நாகையிலிருந்து நயினைக்கு

என் வீட்டுக்காரர் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் மன்னார்குடி பக்கம்; எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் குளமும் வாய்க்காலும்தான். கல்யாணமான நாளிலிருந்து, "எதிர்க்கரையில் இருக்கிற நயினாதீவு அம்மனை ஒருநாள் கப்பலிலேயே போய்ப் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்வதோடு சரி, போவதற்குக் கப்பல் வேண்டுமே? 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு விட்டார்கள், சில நாளில் நின்றுபோனது. 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. அதற்கப்புறம் கடல் அடங்கியிருக்கும் ஒரு பங்குனி மாதமாகப் பார்த்து நாங்களும் கிளம்பினோம்.

முதல் நாள் சாயங்காலம் நீலாயதாட்சி அம்மன் கோயிலில் விடைபெறப் போனோம். நாகைக் காரோணம் என்று தேவார மூவரும் பாடிய தலம். தியாகராசருக்குரிய ஏழு சப்தவிடங்கத் தலங்களில் ஒன்று. அம்மன் சன்னதி நந்தியை நான் எப்போதும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். அம்மனுக்கு எதிரே உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பி அப்பனையும் பார்க்கிற நந்தி. வீட்டில் இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்க்கிற கடைக்குட்டி மாதிரி இருக்கும்.

இவர் அதிபத்த நாயனாரிடம்தான் அதிக நேரம் நின்றார். நாகையின் நுளைப்பாடியில் வாழ்ந்த மீனவர் அவர். வலையில் விழுவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். நாளுக்கு ஒரே மீன் சிக்கிய பஞ்ச காலத்திலும் அந்த ஒன்றை விட்டார். கடைசியில் பொன்மீன் சிக்கியபோதும் விட்டார். இன்றைக்கும் ஆவணி மாதம் நாகைக் கடலில் பொன்மீன் விடும் விழா நடக்கிறது. "நாளைக்குக் கடலில் போகிறோம், நீதான் பார்த்துக்கணும்" என்று இவர் வாய்விட்டே சொன்னார். அர்ச்சகர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கப்பலில் சுமார் 4 மணி நேரம். பயந்தது நான், படுத்தது அவர். கடலோரம் பிறந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் தலை சுற்றத் தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் பையும் எலுமிச்சம்பழமுமாக நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "கரையில் நின்று பார்க்கிற கடல் வேற" என்று முனகினார். எனக்கோ ஆச்சரியம், ஒன்றுமே செய்யவில்லை. ஜன்னல் வழியாக நீலத்தைப் பார்த்தபடி, தெரிந்த பதிகங்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

காங்கேசன்துறை என்ற பெயரே படகில் வந்த சாமியால் வந்ததுதான். மாவிட்டபுரம் கோயிலுக்கென்று நம் கரையிலிருந்து போன காங்கேயன், அதாவது முருகன் விக்கிரகம், இந்தத் துறையில் வந்து இறங்கியதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன் இது கயாத்துறையாம். பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க வரிசையில் நின்றபோது அதுதான் நினைவுக்கு வந்தது. முருகனுக்கு இந்த வரிசையெல்லாம் இருந்திருக்காது.

மாவிட்டபுரத்தில் கும்பிட்டுவிட்டுக் கீரிமலைக்குப் போனோம். குதிரை முகத்தோடு தவித்த மாருதப்புரவல்லி என்ற சோழ இளவரசி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அந்த முகம் நீங்கப்பெற்றாள் என்பது கதை. மா என்றால் குதிரை; மா விட்ட புரம், மாவிட்டபுரம். கீரி முகம் கொண்ட நகுல முனிவருக்கும் இதே தீர்த்தத்தில்தான் முகம் மாறியது என்பார்கள். ஊர்ப் பெயரும் அங்கே கோயில் கொண்ட சிவன் நகுலேஸ்வரர் பெயரும் அவரால் வந்தவை. பஞ்ச ஈஸ்வரங்கள் என்கிற ஈழத்து ஐந்து சிவத்தலங்களில் ஒன்றான அந்தக் கோயில் 1990இல் குண்டுவீச்சில் சிதைந்து, பிறகு எடுத்துக் கட்டப்பட்டது. போகிற வழியில் கூரையில்லாத வீடுகள் சில கண்ணில் பட்டன. ஒன்றின் நடுக்கூடத்தில் ஆல் வளர்ந்திருந்தது. எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

கீரிமலைக் கேணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பத்தடி தள்ளிக் கடல் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் கேணியில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. யாழ்ப்பாணத்துத் தரை சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீரைக் குடித்து உள்ளே தேக்கி, கடலோரம் வந்ததும் ஊற்றாக விடுகிறது. விளக்கம் இவ்வளவுதான். ஆனால் பெண்கள் கேணியில் படி இறங்கி, முதல் முழுக்குப் போட்டு, உதட்டில் உப்பை எதிர்பார்த்து நக்கிப் பார்த்தேன் பாருங்கள், அந்த நிமிஷம் எனக்கு எந்த விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு இங்கே பிதுர்க்கடன் செய்யக் கூட்டம் கூடும். நாங்கள் போனது சாதாரண நாள். இவர் தன் அப்பாவை நினைத்து மூன்று கை தண்ணீர் விட்டார்.

மறுநாள் காலை நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்தோம். பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், வலைக்கம்புகள், கொக்குகள். வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறையில் சாலை முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி, இருபது நிமிஷம்.

அந்தப் படகு நேற்றைய கப்பல் மாதிரி இல்லை. குனிந்து வயிற்றுக்குள் இறங்க வேண்டும். மரப் பலகையில் நெருக்கி உட்கார்ந்தால் தலைக்கு மேல் அரிசி மூட்டை ஏற்றுகிற சத்தம், காலடியில் எஞ்சின் அதிர்வு, டீசல் வாடை. இவர் முகம் வெளுத்துவிட்டது. ஏற்றிவிட்ட பையன், "ஐயா, பயப்பிடாதேங்கோ, அம்மாட்டைப் போறியள், அவ பாத்துக்கொள்ளுவா" என்றான். எதிரே வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பம் ஒன்று, மடியில் தாமரை மொட்டுகளோடு. தீவிலிருக்கும் நாக விகாரை என்ற புத்தர் கோயிலுக்குப் போகிறவர்கள். அந்தப் பாட்டி இவரைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து இஞ்சி மிட்டாய் எடுத்து நீட்டினாள். பாஷை தேவைப்படவில்லை.

இறங்கியதும் எதிரே கோபுரம். நயினை நாகபூஷணி அம்மன். இவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். பூசை நேரம், மணியும் மேளமும் சேர்ந்து நெஞ்சுக்குள் அடித்தன. திரை விலகி, தீபம் மேலே போய்க் கீழே இறங்கியபோது நான் கேட்க நினைத்து வந்த ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. மகளுக்கு வரன், என் முட்டி வலி, எல்லாம் போச்சு. அப்படியே நின்றேன். வெளியே வந்தபிறகுதான், ஐயோ கேட்கவில்லையே என்று தோன்றியது.

பக்கத்தில் கடலுக்குள் இருக்கும் இரண்டு பாறைகளைக் காட்டினார்கள். பாம்பு சுற்றிய கல், கருடன் கல். அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாம். நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொள்ள, கருடன் அடுத்ததில் காத்திருந்தது. அந்த வழியாகக் கப்பலில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் ஒருவர் நாகத்துக்காகப் பரிந்து பேசி விடுவித்தார். "பாரு, எங்க பக்கத்து ஆள்" என்றார் இவர், அந்த வணிகர் சித்தப்பா முறை போல.

மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று பலரும் கருதுகிறார்கள். அறிஞர்கள் வழக்கு நமக்கு எதற்கு? மத்தியானம் அன்னதான மண்டபத்தில் உட்கார்ந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டோம். காலையிலிருந்து வெறும் வயிறாக இருந்த இவர் மூன்று முறை வாங்கினார். பரிமாறிய அம்மா, "நாகப்பட்டினமோ? கடலுக்கு அங்கால!" என்று நாலாவது கரண்டியும் போட்டுவிட்டுப் போனார்.

திரும்பும் கப்பலிலும் இவருக்குத் தலை சுற்றத்தான் செய்தது. பாதிக் கடலில் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி, நயினையில் அர்ச்சனைத் தட்டில் கொடுத்த பூவில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டார். யாருக்கென்று நான் கேட்கவில்லை. மிச்சப் பூ இப்போது எங்கள் வீட்டு நீலாயதாட்சி படத்துக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருக்கிறது.