யார் என்று கேட்காமல் போடும் சோறு

அப்பாவின் நினைவு நாளுக்கு வீட்டில் இலை போட்டுச் சொந்தக்காரர்களைக் கூப்பிடும் வழக்கத்தை அம்மா நிறுத்திவிட்டார். வயிறு நிறைந்தவர்களையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு என்ன புண்ணியம் என்பது அவருடைய கட்சி. அந்தச் செலவுக்கு அரிசியும் பருப்பும் வாங்கி வடலூர் தருமசாலையில் கொடுத்துவிட்டு, அங்கேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இந்த முறை சித்தப்பாவும் கூட வந்தார். அவர் வந்ததால்தான் இவ்வளவும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் போகும் வழி முழுக்க அவருக்கும் எனக்கும் ஒரே பேச்சு, இலவசம்.

ஆரம்பித்தது வீட்டுப் பக்கத்து நிறுத்தத்திலேயே. கிளாம்பாக்கம் போக மாநகரப் பேருந்தில் ஏறினோம். சாதாரணக் கட்டண வண்டி, அதனால் அம்மாவுக்கும் எனக்கும் மகளுக்கும் காசு இல்லை, சித்தப்பா மட்டும் டிக்கெட் எடுத்தார். "பாரு, நாலு பேர்ல மூணு பேர் ஓசி. இந்தப் பணம் எங்கிருந்து வருது? நாடு எப்படி உருப்படும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்து பார்க்கிறவர், என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒருமுறை நான் கேட்காமலே பணம் அனுப்பியவர். ஆனால் அரசாங்கம் கொடுத்தால் அது அவருக்கு வேறு விஷயம். 2022 ஜூலையில் பிரதமர் புந்தேல்கண்ட் விரைவுச்சாலைத் திறப்பு விழாவில் 'ரேவடி' பண்பாடு, அதாவது ஓட்டுக்காக இலவசங்களை மிட்டாய் மாதிரி வாரி இறைப்பது, நாட்டுக்கு ஆபத்து என்று பேசினாரே, அதிலிருந்து சித்தப்பாவுக்கு இந்தப் பேச்சு இன்னும் பலமாகிவிட்டது.

அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மாநிலத்தின் கடன் உண்மை. தேர்தல் நேரத்தில் ஆளாளுக்கு ஏலம் விடுவது போல அறிவிப்பதும், வாக்குக்குப் பணம் கொடுப்பதும் எனக்கும் பிடிக்காது. அப்புறம் இதில் எந்தக் கட்சிக்கும் விலக்கு கிடையாது. ரேவடி என்று பேசியவர்களின் கட்சிதான் மத்தியப் பிரதேசத்தில் பெண்களுக்கு மாதாமாதம் பணம் போடும் திட்டத்தை 2023இல் கொண்டுவந்தது, மகாராஷ்டிரத்தில் 2024இல் அவர்கள் கூட்டணி அரசு கொண்டுவந்தது. ஒன்றிய அரசே சுமார் 81 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியத்தை விலையில்லாமல் தருவதை 2024 ஜனவரியிலிருந்து ஐந்து வருடத்துக்கு நீட்டித்திருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, தரத்தான் வேண்டும். எதையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டி இலவசம் என்று பெயர் வைக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

விக்கிரவாண்டியில் தஞ்சாவூர் சாலைக்குத் திரும்பிய பிறகு வண்டி மெதுவாகத்தான் போனது. அந்த நான்கு வழிச் சாலை வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. பண்ருட்டி வந்ததும் பலாப்பழ வாசனை சன்னல் வழியே ஏறிவிட்டது, மகள் இறங்கி வாங்கலாம் என்று அடம்பிடித்தாள், வண்டி நிற்கிற நேரத்தில் முடியுமா என்ன, திரும்பும்போது பார்க்கலாம் என்று சமாளித்தோம். அதுவரை பேசாமல் வந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏன் தம்பி, நீங்க எதச் சாப்பிட்டுப் படிச்சீங்க?"

சித்தப்பா கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. அவரும் அப்பாவும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். காமராசர் 1956இல் ஆரம்பித்த திட்டம். அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனம் வழியாகப் பால் பவுடரும் உடைத்த கோதுமையும் வந்தன, அந்தக் கோதுமை உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது என்று அம்மா சொல்வார். தட்டு கிடையாது, வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அம்மாவுடையது ஒரு பக்கம் நசுங்கிய அலுமினியத் தட்டு, அதை வைத்துக்கொள்ள அக்கா தங்கைகளுக்குள் தினம் போட்டி. "அது வேற அண்ணி, அது சின்னப் பசங்களுக்கு," என்றார் சித்தப்பா. சரி, வேறுதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அன்றைக்கும் காசு எங்கிருந்து வரும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரித்தபோதும் கேட்டார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு போட வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகுதான் நாடு முழுக்க அது வந்தது. இன்று யாராவது அதை நிறுத்து என்று சொல்லிப் பார்க்கட்டும்.

வடலூர் கடைத்தெருவில் அரிசி மூட்டையும் துவரம்பருப்பும் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். தருமசாலையை வள்ளலார் தொடங்கியது 1867 மே மாதம் 23ஆம் தேதி. அன்றைக்கு மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் காக்கிறார்கள். நிலம் கொடுத்தது பார்வதிபுரம் கிராமத்து மக்கள், ஏறத்தாழ எண்பது காணி. பெரிய ராஜா யாரும் கொடுக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

உள்ளே போனால் வரிசையாக உட்கார வேண்டியதுதான். எனக்கு ஒரு பக்கம் காவி வேட்டி கட்டிய பெரியவர், இன்னொரு பக்கம் மகள், அவளுக்கு அந்தப் பக்கம் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு அம்மா, அலுவலகத்துக்குப் போகிற வழியில் வந்தவர் போல இருந்தார். எந்த ஊர், என்ன சாதி, எதற்கு வந்தாய், வேலை இருக்கிறதா, ஒரு கேள்வி கிடையாது. பரிமாறுகிறவர் வாளியோடு வரும்போது நம் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறார். சோறு குறைந்திருந்தால் போடுகிறார், போதும் என்று கையைக் காட்டினால் நகர்ந்துவிடுகிறார். அந்த முகம் பார்க்காத பரிமாறல் இருக்கிறதே, எனக்கு அதுதான் அங்கே பெரிய விஷயம். வாங்குகிறவர் கூச வேண்டியதே இல்லை. மூட்டை கொடுத்த எங்களுக்கும் கையை வீசிக்கொண்டு வந்தவருக்கும் ஒரே சாம்பார்தான்.

அந்த அடுப்பு எரியத் தொடங்கிப் பத்து வருடம்கூட ஆகவில்லை, தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 78 வரை. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் என்று ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த 1877 ஜனவரி முதல் நாள்தான் வைசிராய் லிட்டன் டெல்லியில் விக்டோரியா ராணிக்குப் பட்டம் சூட்டிப் பெரிய தர்பார் நடத்தினார். நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிள் அனுப்பப்பட்டார். மண் வெட்டிக் கல் உடைக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு சில்லறைக் காசு கொஞ்சம், இது போதும் என்றார். அதிகம் கொடுத்தால் ஜனங்கள் நிவாரணத்தையே நம்பி உட்கார்ந்துவிடுவார்கள் என்பதுதான் அன்றைய பயம். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்த அளவு உயிர் பிழைக்கப் போதாது என்று சண்டை போட்டார், சில மாதத்தில் அளவைக் கூட்டினார்கள், அதற்குள் போனது போனதுதான். சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் வெட்டியது. அதை ஒட்டித்தான் இன்று பறக்கும் ரயில் போகிறது.

"கொடுத்தால் சோம்பேறி ஆவான்" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த 450 கிராம் ஞாபகம் வருகிறது. அதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை.

இதே விவகாரம் எங்கள் தெருவிலும் உண்டு. நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து அரசு மருத்துவமனை வாசலில் வெண்பொங்கலோ சாம்பார் சாதமோ கொடுக்கிறோம். உள்ளே படுத்திருப்பவருக்குச் சாப்பாடு வந்துவிடும், கூட வந்தவர்தான் பட்டினி கிடப்பார். ராத்திரி முழுக்க வராண்டாவில் பாயை விரித்துப் படுத்துவிட்டு, முகம் கழுவி, டீ குடிக்கவும் யோசித்துக்கொண்டு நிற்பவர்கள். பாக்கு மட்டைத் தொன்னையில் சூடாக வைத்துக் கொடுத்தால் சிலர் அங்கேயே சுவரோரம் குந்திச் சாப்பிடுவார்கள், சிலர் உள்ளே யாருக்கோ பாதி எடுத்துப்போவார்கள்.

கொஞ்ச நாள் முன்பு நல்ல சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் வந்து வரிசையில் நின்ற ஒருவரைப் பார்த்து எங்களில் ஒருவருக்குக் கோபம். இனிமேல் நோயாளியின் சீட்டைக் காட்டினால்தான் கொடுக்க வேண்டும் என்றார். பெரிய விவாதமே நடந்தது. நான் கூடாது என்றேன். பைக் வைத்திருப்பவன் வீட்டில் யாருக்கும் அடிபடாதா, சட்டை நன்றாக இருந்தால் பசிக்காதா? ஒரு கரண்டி பொங்கலுக்குச் சீட்டு கேட்க ஆரம்பித்தால், உண்மையாகவே இல்லாதவர்தான் முதலில் வரிசையை விட்டு விலகிப் போவார். கடைசியில் சீட்டு வேண்டாம் என்று முடிவானது. கூடவே இன்னொன்றும் பேசி முடித்தோம், வாங்குகிறவரை நிற்கவைத்துப் புகைப்படம் எடுக்கக் கூடாது. நன்கொடை கொடுத்தவர் பெயரை வேண்டுமானால் வண்டியில் எழுதிக்கொள்ளலாம்.

ரேஷனிலும் தமிழ்நாடு பிடித்துக்கொண்டிருப்பது இந்த வழியைத்தான். 1997இல் ஒன்றிய அரசு ஏழை என்று அடையாளம் கண்டவர்களுக்கு மட்டும் மலிவு விலை என்று மாறியபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. அரிசி வேண்டும் என்கிறவருக்கு அரிசி அட்டை, வேண்டாதவர் சர்க்கரை அட்டை. 2011 ஜூனிலிருந்து அந்த அரிசிக்கு விலையும் இல்லை. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் என்று கோடு போட்டது. அந்தக் கணக்கும் 2011 மக்கள்தொகையை வைத்துத்தான். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவேயில்லை, அதனால் பத்துக் கோடிப் பேருக்கும் மேல் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டணி யாரோடு என்று தொலைக்காட்சியில் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள், இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக் காணோம்.

இப்போது 2027 மார்ச் முதல் தேதியை வைத்துக் கணக்கெடுப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கள் தெரு முனையில் அடுக்குமாடி கட்ட ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவர்கள் ஊர் அட்டையை வைத்து இங்கேயே மத்திய ஒதுக்கீட்டுத் தானியம் வாங்க வழி உண்டு, ஆனால் அட்டையில் பெயர் ஏறாத மனைவி மக்களுக்கு அதுவும் இல்லை. கணக்கெடுக்க ஆள் வரும்போது நம் வீட்டுக் கதவைச் சாத்திய கையோடு விட்டுவிடாமல், அந்தக் கொட்டகையையும் காட்டி அனுப்புங்கள். எங்கள் தெருவில் நான் கூடவே போகப் போகிறேன். இந்தி தெரிந்த என் மகளையும் கூட்டிக்கொண்டு.