மூக்கு ஏன் கிழக்கே பார்க்குது?

மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது ஒரு கழித்தல் குறிக்காகத்தான் என்று நேற்று ராத்திரி தெரிந்தது.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் மாமாவின் தென்னந்தோப்பு. ஆளில்லாத சிறு விமானத்தில் கேமரா மாட்டி மேலிருந்து படமெடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி ஒரே வரைபடமாக்கும் வேலை. மார்ச் மாதம் காலையில் காற்றில்லாத நேரத்தில் அதே தெர்மாகோல் விமானம், அதே கேமரா, அதே வடக்கு தெற்குக் கோடுகள். படங்கள் அழகாக ஒட்டின. ஜூனில் பறக்கவிட்டதும் எல்லாம் சிதறிவிட்டது. காற்றில் ஓலை ஆடுகிறது, அடுத்தடுத்த படங்களில் பொதுப்புள்ளி கிடைக்காது, அதனால்தான் என்று தென்னையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு படத்தின் இடமும் திசையும் அடுத்த படத்துக்குப் போயிருக்குமோ என்றும் பார்த்தாகிவிட்டது. விமானத்தை ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருளின் லாகில் (பதிவேட்டில்) கேமரா வரிகள் 214, மெமரி கார்டில் படங்கள் 213. கிளம்பும் முன் தரையிலேயே பதிவாகிவிட்ட ஒரு டிரிக்கர், அதாவது படமெடுக்கச் சொல்லும் கட்டளை. அதை நீக்கியும் பலனில்லை.

கடைசியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு படத்துக்கும் கப்பாவை (படம் எந்தத் திசைக்குத் திரும்பியிருக்கிறது என்று ஒட்டும் மென்பொருளுக்குக் கொடுக்கும் கோணம்) வைத்து ஓர் அம்புக்குறி வரைந்தேன். எல்லா அம்பும் 15 பாகை கிழக்கே சாய்ந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் காற்று மேற்கிலிருந்து வரும். நேர்கோட்டில் போக வேண்டுமென்றால் விமானம் மூக்கைக் காற்றுக்கு எதிராக, மேற்கே திருப்பித்தானே ஆகவேண்டும்?

லாகில் விமானத்தின் மூக்குத் திசையைச் சொல்லும் கோணம் யா. அது வடக்கிலிருந்து கடிகாரச் சுற்று. கப்பா அதற்கு எதிர்ச்சுற்று. நான் யாவை அப்படியே கப்பா பத்தியில் போட்டிருக்கிறேன். 0, 180 இரண்டும் குறி மாறினாலும் அதே திசைதான், அதனால் மார்ச்சில் மாட்டிக்கொள்ளவில்லை. காற்றில் 0 என்பது 345 (மேற்கே 15) ஆனதும், அது கிழக்கே 15 ஆகி 30 பாகை பிழை. (கேமராவின் தலை விமானத்தின் மூக்குப் பக்கம் இருந்தால்தான் இந்தக் கணக்கு. குறுக்கே மாட்டியவர்கள் 90ஐயும் சேர்க்கணும்.) யூடிஎம் 43 (இந்தப் பகுதிக்கான வரைபடக் கட்டம்) காட்டும் வடக்குக்கும் மெய் வடக்குக்கும் இங்கே மூன்றில் ஒரு பாகைதான் வித்தியாசம், அதை விட்டுவிட்டேன்.

குறியை மாற்றியதும் வாய்க்கால் வரப்பு நேராக வந்தது. மேற்கு ஓரத்து இரண்டு கோடுகள் மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

ஷட்டர் திறக்கும் நொடியையே பதிய ஹாட்ஷூ கேபிள் (கேமராவில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் செருகுவது) சொல்லி வைத்திருக்கிறேன். கோயம்புத்தூர் கடைக்காரர் "நாளைக்கு வந்துரும் சார்" என்று சொல்லி இன்றோடு பதினோரு நாள். வந்ததும் பிபிகே, அதாவது பறந்து முடிந்தபின் ஜிபிஎஸ் பதிவைத் திருத்தி இடத்தைத் துல்லியமாக்கும் கணக்கு. அப்போது உயரம், பூமியை வழவழப்பான நீள்வட்ட உருண்டையாகக் கொள்ளும் கணக்கில் வரும். லாகில் இருப்பது கடல்மட்டக் கணக்கு. நம் பக்கம் ஏறக்குறைய 90 மீட்டர் இடிக்கும். அதற்கு முன் அந்த இரண்டு கோடுகளையும் மறுபடி பறக்கவிடணும். மாமா தேங்காய் வெட்டு முடியட்டும் என்கிறார்.