'காணாது' என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

மட்டக்களப்பில் 'காணாது' என்றால் போதாது; 'கறிக்கு உப்புக் காணாது' என்றால் விஷயம் முடிந்தது. ஆங்கிலத்தில் பலர் 'சோல்ட் இஸ் லெஸ்' என்கிறார்கள். 'லெஸ்' ஒப்பிடும் சொல். எதைவிடக் குறைவு என்ற கேள்வி தொங்கி நிற்கும். 'இட் நீட்ஸ் எ பிட் மோர் சோல்ட்' என்பதே இயல்பு. பாசிக்குடா ஹோட்டல்களில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதலில் பழகவேண்டியது இதைத்தான்.

காசில் 50 ரூபா காணாவிட்டால் 'ஐ ஆம் ஃபிஃப்டி ருபீஸ் ஷோர்ட்'. தொகையை விட்டுவிட்டால் உங்கள் உயரத்தைச் சொன்னதாகப் போய்விடும்! தேவைக்குக் காணாதது 'ஷோர்ட் ஒஃப்'. இருக்கிறது, ஆனால் முடியப்போகிறது என்றால் 'லோ ஒன்': 'வீ ஆர் லோ ஒன் பெட்ரோல்'.

'எ' என்ற அந்த ஒற்றை எழுத்தை விழுங்காதீர்கள். 'எ லிட்டில் மில்க்' என்றால் கொஞ்சம் பால் இருக்கிறது, தேத்தண்ணி ஊற்றலாம். வெறும் 'லிட்டில் மில்க்' என்றால் அநேகமாக இல்லை.